கத்தரீனாள் டீச்சர் போகவேண்டிய புதன்கிழமை

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மளிகைக்கடை நூர்தீன் ராவுத்தர் அவர்களே! பக்கத்தில் அமர்ந்திருக்கும் பங்குச் சாமியார் அவர்களே! சித்தூரிலிருந்தும் எலப்புள்ளியிலிருந்தும் மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்திருக்கும் ஆசிரியத் தோழர்களே! நாற்று நட்ட கையோடு வந்து நிற்கும் தாய்மார்களே, பெரியோர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். கருவேலம்பதி சர்க்கார் தமிழ்ப் பாடசாலையின் இரண்டாம் வாத்தியார், சென்னியப்பன். இத்தனை வருஷத்தில் நான் மேடையேறியதெல்லாம் கடைசியில் நன்றி சொல்லத்தான். பேச வேண்டியதையெல்லாம் தலைமையாசிரியை பேசி முடித்திருப்பார். இன்றைக்கு அவரைப் பற்றியே நான் பேச வேண்டியிருக்கிறது. எனக்கு அது பழக்கமில்லை, ஐயா. தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமரர் கத்தரீனாள் டீச்சர்! பத்தொன்பது வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதப் பழக்கிய கத்தரீனாள் டீச்சர்! போன செவ்வாய்க்கிழமை விடியற்காலம் சித்தூர் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். இன்று ஞாயிறு. வருகிற புதன்கிழமை அவர் திருச்சூரில் இருந்திருக்க வேண்டும். சட்டசபைக் கமிட்டியின் முன்னால் நின்று, படிப்புச் சீட்டு மசோதாவைப் பற்றிச் சாட்சி சொல்லியிருக்க வேண்டும். இன்னும் மூன்றே நாள்! அந்த மூன்று நாளை நினைத்தால் எனக்குப் பயம்தான் வருகிறது. அதை மறைத்துக்கொண்டு உங்கள் முன்னால் வீரம் பேச எனக்குத் தெரியாது.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காக, அது என்ன சீட்டு என்று சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஆனி மாசம், பள்ளிக்கூடம் திறந்த சமயம், சர்க்காரிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. நம் பகுதியில் மட்டும் ஒரு வருஷம் சோதனை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சீட்டு. அந்தச் சீட்டை எந்தப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிறீர்களோ, அந்தப் பிள்ளைக்கான சர்க்கார் பணம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும். சர்க்கார் பள்ளிக்கூடமானாலும் சரி, தனியார் நடத்தும் மானேஜர் பள்ளிக்கூடமானாலும் சரி. இதைத்தான் இப்போது மாநிலம் முழுவதற்கும் சட்டமாக்கப் பார்க்கிறார்கள்.

டீச்சர் முதல் நாளிலிருந்தே இதை எதிர்த்தார் என்று சிலர் பேசுகிறார்கள். அப்படி இல்லை! செத்தவரைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. சீட்டு வந்த அன்று அவர் சந்தோஷப்பட்டார். "சென்னியப்பன் வாத்தியாரே, நம்ம சின்னத்தாயி மகளும் மானேஜர் பள்ளிக்கூடத்து மாடிக் கட்டடத்துல உக்காந்து படிக்கட்டுமே, நல்லதுதானே" என்றார். எழுதத் தெரியாத பெற்றோருக்கெல்லாம் தன் கையாலேயே சீட்டை நிரப்பிக் கொடுத்தார். ஒன்றல்ல, இரண்டல்ல, நாற்பத்தேழு பேருக்கு!

அந்த நாற்பத்தேழு பிள்ளைகளும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மானேஜர் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். என்ன நடந்தது?

வாசலிலேயே பிரித்தார்கள். வாசிக்கச் சொன்னார்கள், மலையாளத்தில் கேள்வி கேட்டார்கள், அப்பன் என்ன வேலை என்று விசாரித்தார்கள். பதினோரு பேரை அன்றைக்கே திருப்பி அனுப்பினார்கள். கள்ளிறக்குகிறவர் பிள்ளை, தோல் வியாதிக்காரர் பிள்ளை, திக்கிப் பேசுகிற பிள்ளை. அவர்களாவது சீட்டோடு திரும்பினார்கள். மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்தவர்களில் ஒருத்திதான் சின்னத்தாயி மகள் மாராயி.

மாராயிக்கு இடது காது கேட்காது. எங்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளை எப்போதும் தனக்கு இடப்பக்கத்தில் உட்கார வைப்பார், வலது காதில் பாடம் விழுகிற மாதிரி. அங்கே அவளைக் கடைசி பெஞ்சில் போட்டார்கள். ஐப்பசி மாசம் ஒரு நாள் தாயைக் கூப்பிட்டு, "குட்டிக்குப் பாடம் ஏறலை, கூட்டிட்டுப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

சின்னத்தாயி நேராக எங்களிடம் வந்தார். "ஏனுங்க டீச்சர், சீட்டைத் திருப்பிக் கேட்டனுங்க. அது வருஷத்துக்கு ஒருக்காத்தான், கொடுத்தது கொடுத்ததுதான்னு சொல்லிப்போட்டாங்க. இனி எம்புள்ளை எங்க போறதுங்க?"

பிள்ளை வெளியே! பிள்ளைக்கான பணம் உள்ளே! இது என்ன நியாயம், பெரியோர்களே?

அன்றைக்கு டீச்சர் சாப்பிடவில்லை. சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "நான்தானே எழுதிக் கொடுத்தேன், என் கையெழுத்துதானே அது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு எழுந்து போய் மாராயியின் கையைப் பிடித்து, பழைய இடத்திலேயே உட்கார வைத்தார். சீட்டு இல்லாத பிள்ளையை ஆஜர்ப் புத்தகத்தில் சேர்க்கக் கூடாது என்பது விதி. சோதனைக்கு வந்த அதிகாரி, "இந்தக் குட்டி ஆரு? பேரு இல்லையே" என்று கேட்டார். டீச்சர் சொன்ன பதில் இன்னும் என் காதில் கேட்கிறது: "பேரு புத்தகத்துல இல்லைங்க சார். புள்ளை இங்கதான் இருக்குது, பாருங்க."

அப்படித் திரும்பி வந்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல. வருஷம் முடிவதற்குள் மாராயியோடு சேர்த்துப் பதினான்கு பேர். ஆனால் எங்கள் ஆஜர்ப் புத்தகத்தில் எண்ணிக்கை குறைந்துவிட்டது அல்லவா? அதைக் காட்டி எங்கள் மூன்றாவது ஆசிரியை ருக்கியாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள். நான்கு வகுப்புக்கு நாங்கள் இரண்டே பேர். ஒரு வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கும்போது பக்கத்து வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்த சில பெற்றோர், சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படிப்பே இல்லை என்று பேசினார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள்.

இனி நான் சொல்லப்போவது எனக்கே வெட்கமான விஷயம். ராவுத்தர் அவர்கள், "அதை எதுக்கு மேடையிலே சொல்றீங்க?" என்று கேட்டார். சொல்லாவிட்டால் இந்த மேடையில் நிற்க எனக்கு யோக்கியதை கிடையாது.

என் மகனும் மானேஜர் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறான். ஆமாம்! சர்க்கார் பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்குகிற நான், என் மகன் சீட்டை அங்கே கொடுத்தேன். அவனை வாசலில் யாரும் நிறுத்தவில்லை. வாத்தியார் மகன், மலையாளம் பேசுவான், இரண்டு கையும் நீட்டி வாங்கிக்கொண்டார்கள். மாராயி திரும்பி வந்தபோதும் நான் அவனை அங்கிருந்து எடுக்கவில்லை. நல்ல படிப்பு, விட மனசு வரவில்லை. டீச்சர் ஒரு நாளாவது என்னை ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா? கேட்கவில்லை! "பையன் நல்லாப் படிக்கிறானா வாத்தியாரே?" என்பார். அதைக் குத்திக் கேட்கவும் அவருக்குத் தெரியாது. உண்மையாகவே விசாரிப்பார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

இந்த வருஷம் தை மாசத்திலிருந்து டீச்சர் ஒவ்வொரு வீடாகப் போகத் தொடங்கினார். தான் சீட்டு எழுதிக் கொடுத்த நாற்பத்தேழு பிள்ளைகளும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும் அவருக்கு. பள்ளிக்கூடம் விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் உண்டு. அதையும் எழுதிக்கொண்டார். "நல்லதை மறைச்சா கெட்டதை யாரு நம்புவா?" என்பார். எங்களிடமும் வராமல், அங்கேயும் இல்லாமல் ஆறு பிள்ளைகள் மாடு மேய்க்கப் போய்விட்டார்கள் என்று கண்டுபிடித்தார். அதையெல்லாம் எழுதித் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார். ஆடி மாசம் பதில் வந்தது. கமிட்டி திருச்சூருக்கு வருகிறது, நேரில் வந்து சொல்லுங்கள் என்று.

கடிதத்தைப் படித்ததும் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். "மெம்பர்மாருக்கு முன்னால மலையாளத்துல பேசணுமாமே! எனக்குக் கடையில உப்பு வாங்குற அளவுக்குத்தானே வரும்!" உடனே எங்கே போனார் தெரியுமா? உப்பு வாங்குகிற கடைக்கே போனார்! நம் தலைவர் நூர்தீன் ராவுத்தர்தான் கமிட்டித் தலைவர்; மிளகாய் மூட்டைதான் நாற்காலி. தினமும் சாயந்தரம் ஒத்திகை. ஒரு நாள் ராவுத்தர் வேண்டுமென்றே மடக்கினார்: "டீச்சர், பெத்தவங்க விருப்பப்பட்ட இடத்துல சேக்கட்டுமே? அதைத் தடுக்க நீங்க யாரு?"

டீச்சர் மலையாளத்தில் தொடங்கிப் பார்த்தார். வார்த்தை வரவில்லை. தமிழிலேயே சொன்னார்: "சின்னத்தாயி விருப்பப்பட்டா. அவங்க வேண்டாம்னுட்டாங்க. அப்ப விருப்பம் யாரோடதுங்க? எங்க பள்ளிக்கூடத்துல நான் யாரையும் வேண்டாம்னு சொல்ல முடியாது. சொல்லவும் சட்டம் விடாது. ஊருப் பணம் அந்த மாதிரி இடத்துக்குத்தான் போகணும். மத்தவங்க பள்ளிக்கூடம் நடத்தட்டும், நல்லா நடத்தட்டும். எங்க புள்ளைகளோடதை எடுத்து நடத்த வேண்டாம்."

ராவுத்தர் மூட்டையிலிருந்து எழுந்து நின்றுவிட்டாராம். "இதையே அங்கயும் தமிழ்லயே சொல்லுங்க டீச்சர்" என்றாராம்.

சொல்லக் கொடுத்து வைக்கவில்லையே! இன்னும் ஒரு வீடு பாக்கி என்று போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை, கொட்டுகிற மழையில் ஆற்றைத் தாண்டிப் போனார். திரும்பி வரும்போதே குளிர் நடுக்கம். இரண்டு நாள் கஷாயம் குடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தார். மூன்றாம் நாள் வகுப்பிலேயே சரிந்து விழுந்தார். நானும் ராவுத்தரும் வண்டி கட்டிச் சித்தூருக்குக் கொண்டுபோனோம். நிமோனியா என்றார்கள்.

கடைசியாக என்னிடம் பேசியது திங்கட்கிழமை சாயந்தரம். மூச்சு வாங்கியது. "அடுத்த புதன்கிழமைக்கு யாரு போறீங்க?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன்? "நீங்களே எந்திரிச்சு வந்து போவீங்க டீச்சர்" என்றேன். தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டேன். இல்லை, பெரியோர்களே! அவர் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொண்டேன். அவருக்கும் அது தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். விடிவதற்குள் போய்விட்டார்.

அவருக்கு இப்போது என்ன பதில் சொல்வேன்? எங்கே போய்ச் சொல்வேன்?

நேற்று மானேஜர் என் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். டீச்சர் போனதற்கு மெய்யாகவே வருத்தப்பட்டார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வாசலில் செருப்பைப் போடும்போது ஒன்று சொன்னார்: "வாத்தியாரே, பையன் படிப்பு நல்லபடியாப் போயிட்டிருக்குது. புதன்கிழமை நீங்க எங்கயும் அலைய வேண்டாம்." மேலதிகாரி ஒருவரும், சர்க்கார் உத்தியோகஸ்தன் மசோதாவுக்கு எதிராகப் பேசினால் மலைமேல் தோட்டத்துப் பக்கம் மாற்றல் வரும், மூணாறு குளிர் உனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். என் மனைவி அழுகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. இப்போதும், இந்த மேடையிலும், பயமாகத்தான் இருக்கிறது!

ஆனால் இன்னொரு பயமும் இருக்கிறது. இந்த வருஷம் எங்கள் ஆஜர்ப் புத்தகத்தில் ஐம்பத்து மூன்று பேர். ஐம்பதுக்குக் கீழே போனால் பள்ளிக்கூடத்தை மூட உத்தரவு. நான்கு பிள்ளை போனால் போதும், அவ்வளவுதான்! சோதனையை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக் கொடுத்த புதுச் சீட்டு உங்களில் சிலர் மடியில் இன்னும் இருக்கிறது, மாசக் கடைசி வரை தவணை. எங்கே வேண்டுமானாலும் கொடுங்கள், அது உங்கள் உரிமை. நானே கொடுத்தவன், உங்களைத் தடுக்க எனக்கு வாயில்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். அங்கே வேண்டாம் என்று அனுப்பினால் திரும்பி வர இங்கே ஒரு வாசல் இருக்கிறது. இந்த வாசலும் மூடிவிட்டால்? மாராயியைப் போன்ற பிள்ளை எங்கே போய் நிற்கும்?

ஆகவே, அன்பார்ந்தவர்களே, டீச்சருக்குப் படம் திறப்பதும் மாலை போடுவதும் இருக்கட்டும். புதன்கிழமை நான் திருச்சூர் போகிறேன். என் மகனைப் பற்றியும் சொல்லுவேன், மாராயியைப் பற்றியும் சொல்லுவேன். ஒரே சீட்டு, இரண்டு பிள்ளை, இரண்டு விதம் என்று சொல்லுவேன். குரல் நடுங்கும், நடுங்கட்டும். சின்னத்தாயி, தானும் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மசோதா தோற்குமா? தெரியாது. அவர்கள் பக்கம் ஆள் அதிகம் என்கிறார்கள். தோற்காமலும் போகலாம். அப்படியானாலும் நாற்பத்தேழு பிள்ளைகளின் பெயரையும் அந்த அறையில் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் வருவேன். இது டீச்சர் மேல் ஆணை!

நாங்கள் இரண்டு பேர் போதாது. வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளின் தாய் தகப்பன் வர வேண்டும். ஐந்தரை மணி முதல் பஸ், சந்தை முக்கில் நிற்கும். யார் வருகிறீர்கள்? கை தூக்க வேண்டாம், கூட்டத்தில் கை தெரியாது. எழுந்து நில்லுங்கள்.

ஒருவரும் இல்லையா? பரவாயில்லை, யோசித்துச் சொல்லுங்கள். கூலி போகும் என்கிற கஷ்டம் எனக்கும் தெரிந்ததுதான்…

அங்கே தூணுக்குப் பின்னால் யார்? சௌதாவா? உட்காராதீர்கள் அம்மா, எதற்கு வெட்கம்? பக்கத்தில் யார், வேதமுத்துவா? வாருங்கள் ஐயா. அந்தக் கடைசியில்… பெயர் தெரியவில்லை, முன்னால் இருப்பவர் கொஞ்சம் விலகுங்கள். அப்படியே நில்லுங்கள். யாரும் உட்கார வேண்டாம். நான் எண்ணிக்கொள்கிறேன்.