கேன் தண்ணி

தவசி: அந்தச் செம்ப வச்சிருங்க சம்மந்தி. கடையில கலர் வாங்கியாரச் சொல்றேன்.

பேச்சிமுத்து: பேரையூர்ல இறங்கி வெயில்ல நடந்து வந்திருக்கேன். கலரு எதுக்கு... தண்ணி போதும்.

தவசி: இல்ல, அது...

பேச்சிமுத்து: குடிச்சிட்டேன்ல. ம்... என்ன, ஒரு மாதிரி வாட அடிக்குது?

தவசி: செம்பு வாடயா இருக்கும்.

பேச்சிமுத்து: செம்பு வாட எனக்குத் தெரியாதா? வெயில்ல கெடந்த ரப்பர் செருப்பு மாதிரியில்ல இருக்கு. சுடவும் செய்யுது.

சுந்தரம்மாள்: சொல்லிருங்க. எம்புட்டு நாளைக்கு மறைப்பீக?

தவசி: நீ உள்ள போ.

சுந்தரம்மாள்: போறேன். சம்மந்தி அண்ணனுக்கு வயித்துக்கு ஏதும் ஆச்சுன்னா ஆரு பதில் சொல்றது? காலையில வச்ச குடம் இன்னும் ஊத்துல வரிசையில கெடக்கு. வேற தண்ணி இல்லாமத்தான் அதக் குடுத்தேன்.

பேச்சிமுத்து: எதத் தங்கச்சி?

தவசி: ...கேன் தண்ணி. கல்யாணத்துக்குன்னு மதுரையிலருந்து லாரியில கொண்டாந்தது. பின்னாடி தகரக் கொட்டகையில அடுக்கி வச்சிருக்கேன்.

பேச்சிமுத்து: எப்பருந்து?

தவசி: கோடையில கெடைக்காதேன்னு மாசியிலயே எறக்குனது. அப்ப இளநி மாதிரி இருந்துச்சு. பங்குனியில லேசா வாட வந்துச்சு. இப்ப சித்திரை... ஒரு கேன்ல பாசியே பிடிச்சிருச்சு.

பேச்சிமுத்து: தகரத்துக்கு அடியில பிளாஸ்டிக் கேனு. அடுப்புல வச்ச மாதிரித்தான். அதையா பந்தியில ஊத்த இருந்தீக?

தவசி: கொதிக்க வச்சுப் பாத்தோம். வாட போகல.

பேச்சிமுத்து: உங்களுது வத்தாத கிணறுன்னு கல்யாணத் தரகரு சொன்னாரே. அது இருக்கையில கேன் எதுக்கு?

தவசி: ...தையிலயே வத்திருச்சு. சொன்னா நீங்க வேற எடம் பாத்துருவீகளோன்னு... எம்மக தங்கப்பொண்ணு உங்க மகனத்தான் மனசுல நெனச்சுக்கிட்டு இருக்கா.

பேச்சிமுத்து: தையிலயேவா?

தவசி: இனி உங்க இஷ்டம். எதுவா இருந்தாலும் அந்தத் தண்ணிய இன்னைக்கே கீழ ஊத்திர்றேன். பந்தியில பச்சப்புள்ளைகளும் உக்காரும்.

பேச்சிமுத்து: ஊத்திருங்க. அது சரி... எங்க வீட்டுக்குப் பொண்ணு குடுக்க எதப் பாத்துச் சம்மதிச்சீக?

தவசி: நல்ல பையன்...

பேச்சிமுத்து: அது மட்டுந்தானா?

சுந்தரம்மாள்: நாஞ் சொல்றேண்ணே. உங்க கொல்லையில கிணறு இருக்கு. எம்மகளாவது என்னைய மாதிரி குடத்தத் தூக்கிக்கிட்டு அலைய வேணாமேன்னுதான்.

பேச்சிமுத்து: அந்தக் கிணறு வத்திப்போச்சு தங்கச்சி. அதச் சொல்லத்தான் பஸ்ஸேறி வந்தேன்... வந்த எடத்துல வாய் வரல. இப்பவும் பொண்ணு குடுப்பீகளா?