தெரு வாங்கிக் கொடுத்த பூட்ஸ்

லான்மடா கடைவீதியில் ஒரு துணிக்கடையையும், இந்தத் தெருவில் எங்கள் எல்லோருடைய சண்டைகளையும் சளைக்காமல் சமாளித்து, இன்று இந்த அவைக்கு அக்கிராசனம் வகித்து வீற்றிருக்கும் ஜனாப் பர்கத்துல்லா சாயபு அவர்களே! மிங்கலா தாங்ஞுன்ட் தமிழ் வாலிபர் கால்பந்தாட்டக் குழுவின் கமிட்டிக் கனவான்களே! பாயில் இடம் போதாமல் மடிமேல் மடியாகப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய தாய்மார்களே! வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் பெரியவர்களே! உள்ளே இடமிருந்தும் ஜன்னலில்தான் தொங்குவேன் என்று தொங்கும் தம்பிமார்களே! மேடையில் என் வலப்பக்கத்தில், நாற்காலியின் நுனியில், நெளிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் நம் குழுவின் வலது ஓர ஆட்டக்காரன் செல்லக்கண்ணு! உங்கள் அனைவருக்கும் ரெபரி பொன்னுத்துரையின் பணிவான வணக்கம்.

கை தட்டுகிறீர்கள். எனக்கா? காது கேட்பது மெய்தானா என்று கிள்ளிப் பார்த்துக்கொள்கிறேன். வாரத்தில் ஆறு நாள் கியாக்டடாவில் ஒரு கப்பல் ஆபீசில் நான் மரியாதைக்குரிய குமாஸ்தா. சனிக்கிழமை சாயங்காலம் விசிலைக் கையில் எடுத்துவிட்டால், நீங்கள் எனக்குச் சூட்டும் பெயர்கள் எந்த அகராதியிலும் அகப்படாதவை. "பொன்னுத்துரைக்குக் கண்ணு போச்சு!" என்று கத்தாத வாய் இந்த மண்டபத்தில் உண்டா? சுல்தான் பீவி அம்மா சிரிக்கிறார்கள். அம்மா, உங்கள் குரல்தான் எனக்கு முதலில் கேட்கும்.

போகட்டும். அப்படிப்பட்ட என்னை இன்று மேடையேற்றி, "செல்லக்கண்ணுவுக்கு வாங்கியிருக்கும் புதுப் பூட்ஸை ஊரறிய வாழ்த்திப் பேசுங்கள்" என்று கமிட்டி கட்டளையிட்டிருக்கிறது. உடனே ஒப்புக்கொண்டேன். ஏன் தெரியுமா? நான் பேசும்போது நீங்கள் பேசாமல் இருக்கும் இடம் இந்த ரங்கூன் பட்டணத்தில் இது ஒன்றுதான்.

அவைத்தலைவர் அவர்களே, இது எப்படித் தொடங்கியது என்று எல்லோருக்கும் தெரியாது. போன மாதம் விடாத மழை. மைதானம் முழங்கால் சேறு. அந்தச் சேற்றில் நம் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பர்மியப் பெரியவர் குடை பிடித்துக்கொண்டு ஓரமாக வந்து நின்றார். லுங்கியை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்திருந்தார். ஆட்டம் முடியும்வரை அவர் நகரவில்லை. முடிந்ததும் என்னிடம் வந்து, "அந்த வலது ஓரத்துப் பையன் யார்?" என்று கேட்டார். அவர் கல்லூரியில் ஆட்டக்குழுவுக்கு ஆசிரியர். சயா ஊ போ தின் என்று பெயர்; வாத்தியாரைப் பர்மியர் சயா என்றுதானே அழைப்பார்கள். ஒவ்வோராண்டும் பட்டணம் முழுவதும் சுற்றி, பத்தாவது தேறிய நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்துக் கல்லூரியில் சேர்ப்பது அவர் வேலை. சேர்ந்துவிட்டால் படிப்பும் இலவசம், விடுதியும் சாப்பாடும் இலவசம்.

"பத்தாவது தேறியிருக்கிறானா?" என்றார். தேறியிருக்கிறான் என்றேன். "பரீட்சை ஆட்டத்துக்கு அழைத்து வாருங்கள்" என்று சொல்லிவிட்டுக் குடையைத் தலைக்கு மேல் பிடிக்கக்கூட மறந்து நனைந்துகொண்டே போனார்.

இருங்கள், ரயில் போகட்டும். இதோடு போட்டி போட என் தொண்டையால் ஆகாது.

போய்விட்டது. அன்பர்களே, இப்போது போனதே, இந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்துதான் செல்லக்கண்ணு பத்தாவது தேறினான். இந்தப் பெட்டிகளைக் கோத்து விடுகிற வேலைதான் அவன் தகப்பனார் இராமையாவுக்கு. கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் அதே ரயில்வே யார்டில் அவனுக்கும் வேலை. பேசி வைத்தாகிவிட்டது. யார்டு வேலை கேவலமா? ஒருநாளும் இல்லை. அதில்தானே நம் அடுப்பெல்லாம் எரிகிறது! ஆனால் கல்லூரி வாசல் நம் தெருவுக்கு இதுவரை திறந்ததில்லை. ஒருவன் நுழைந்தால் அடுத்தவனுக்கு வழி தெரியும். அதோ நிற்கிறானே கோல்காக்கும் காஜா மைதீன், வருகிற வருடம் அவன் பத்தாவது எழுதுகிறான். அவனுக்குப் பின்னால் ஜன்னலில் தொங்குகிற கூட்டம் இருக்கிறது. ஆக, செல்லக்கண்ணுவின் காலைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது ஒரு வீடு மட்டுமா? இந்தத் தெரு முழுவதும் காத்திருக்கிறது.

செய்தி தெரிந்ததும் தெரு என்ன செய்தது? தெருவுக்குத் தலைகால் புரியவில்லை! "காலேஜுக்காரங்க பூட்ஸ் போட்டு ஆடுவாங்க. நம்ம புள்ள வெறுங்காலோட போயி நின்னா மானம் போயிருமே!" என்று ஒருவர் சொன்னார். அத்தனை பேரும் ஆமாம் போட்டீர்கள். வீடு வீடாகச் சேர்த்தீர்கள். சாயபு அவர்கள் தாமே கடை கடையாக ஏறி இறங்கினார்கள். அளவு கேட்டபோது, "வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெருசா வாங்குங்க, ரெண்டு வருஷம் வரும்!" என்று அம்மாமார் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். உலகத்தில் எந்தத் தமிழ்த் தாய் பிள்ளைக்குச் சரியான அளவில் சட்டை தைத்திருக்கிறாள்?

பூட்ஸ் வந்தது. பழந்துணியைத் திணித்து இடைவெளியை அடைத்தீர்கள். அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினீர்கள். சுல்தான் பீவி அம்மா சாம்பிராணி காட்டினார்கள். கல்யாண மாப்பிள்ளையை அழைத்துப் போவதைப்போல மேளத்தோடு பரீட்சை ஆட்டம் நடக்கும் மைதானத்துக்கு அழைத்துப் போனீர்கள். அவனைப் பெற்ற நீலாம்பாள் அம்மாள் புல்லில் உட்கார்ந்து, தம் கையாலேயே பூட்ஸை மாட்டிவிட்டு, கயிற்றை இறுக்கி முடிந்தார்கள்.

பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டுமா? நான் விசில் ஊதினேன். பந்து வலது ஓரத்துக்கு வந்தது. செல்லக்கண்ணு ஓடினான். பூட்ஸும் ஓடியது. இரண்டும் வேறு வேறு திசையில் ஓடின! விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். கோலுக்கு எதிரே அருமையான வாய்ப்பு. ஓங்கி ஓர் உதை விட்டான். பந்து நின்ற இடத்திலேயே நின்றது. வலது பூட்ஸ் பறந்தது. கல்லூரியின் கோல்காரர் பாய்ந்து அந்தப் பூட்ஸைப் பிடிக்கப் பார்த்தார், கைநழுவி அது வலைக்குள் விழுந்தது. நீங்கள் அத்தனை பேரும் "கோல்!" என்று குதித்தீர்கள்.

யாரப்பா அது? "கோலு கோலுதான் ரெபரி சார்!" என்கிறது ஒரு குரல். தம்பி, பந்து உள்ளே போனால் கோல். பூட்ஸ் போனால் கோல் என்று எந்தச் சட்டமும் இல்லை. அன்றைக்கும் அதற்காகத்தான் என்னைத் திட்டினீர்கள்.

சிரிக்கிறோம். நானும் சிரித்தேன். ஆனால் இடைவேளையில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. நான் அவன் அருகில் போய், "கழற்றிப் போட்டுவிட்டு ஆடு, செல்லக்கண்ணு" என்றேன். அவன் எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்ற உங்களைப் பார்த்தான். "எப்படிண்ணே கழட்டுறது? தெருவே ஆசையா வாங்கிக் குடுத்தது. அம்மா மாட்டிவிட்டுச்சு. எல்லாரும் என் காலையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. தெரு சொல்லட்டும், கழட்டுறேன்" என்றான். சொல்லிவிட்டு மறுபடி கயிற்றை இறுக்கிக் கட்டினான். நான் என்ன செய்ய, தாய்மார்களே? நான் ரெபரி. ஒரு பக்கத்துக்காகப் பேசக் கூடாதவன். விசிலை வாயில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

ஆட்டம் முடிந்ததும் சயா என்னிடம் வந்தார். மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார். "அன்றைக்கு மழையில் பார்த்த பையனை ஏன் அழைத்து வரவில்லை? இவன் அவனுடைய தம்பியா?"

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். யாரைத் தேடி அவர் வந்தாரோ, அவனை அவர் கண்ணுக்கு நேரேயே மறைத்து வைத்துவிட்டோம். அவனேதான் இவன் என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. பூட்ஸைக் காட்டினேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "என் ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள். பூட்ஸ் வேண்டும் என்று யார் சொன்னது?" என்றார்.

யார் சொன்னது? சயா சொன்னாரா? கல்லூரி சொன்னதா? நாம் யாரையாவது கேட்டோமா? கேட்கவில்லை. காலுக்கு உரியவனையாவது கேட்டோமா? அவனையும் கேட்கவில்லை.

சயா நல்ல மனிதர். வருகிற சனிக்கிழமை இன்னொரு தடவை பார்க்கிறேன், அதுவே கடைசி என்று சொல்லிவிட்டார். நான் அந்தச் செய்தியோடு தெருவுக்கு நடந்து வருவதற்குள், அன்பு நெஞ்சங்களே, நீங்கள் லான்மடாவுக்குப் போய்ப் புதுப் பூட்ஸே வாங்கி வந்துவிட்டீர்கள்! இந்த முறை அளவு சரி. தோல் மினுமினுக்கிறது. அதைத்தான் அவன் இப்போது போட்டுக்கொண்டு நெளிகிறான்.

"இப்பதான் அளவு சரியா இருக்கே, அப்புறம் என்ன?" முன்வரிசைப் பெரியவர் கேட்கிறார். நியாயமான கேள்வி, ஐயா. பூட்ஸ் போட்டு ஓடப் பழகுவதற்கு ஒரு பருவம் வேண்டும். சனிக்கிழமைக்கு நடுவில் எத்தனை நாள் இருக்கிறது? அந்தக் கால் நடை பழகிய நாள் முதல் மண்ணை மிதித்து, மண்ணை அறிந்து வளர்ந்த கால். பந்தை அது தொட்டால் எங்கே போக வேண்டும் என்று பந்துக்கே தெரியும். அந்தக் காலைப் பார்த்துத்தான் ஒரு மனிதர் மழையில் குடையை மறந்து போனார். அவருக்கு நாம் காட்ட வேண்டியது அந்தக் காலையா, லான்மடாத் தோலையா?

அவமானம் என்கிறீர்களா? இதே பட்டணத்தில், சூலே பகோடாவின் படியில் ஏறும்போது எவ்வளவு பெரிய மனிதரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே ஏறுகிறார்? தர்காவுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நாம் எப்படிப் போகிறோம்? இவ்வளவு ஏன், இந்த மண்டபத்துக்குள் வரும்போது வாசலில் என்ன செய்தீர்கள்? குனிந்து பாருங்கள். சாயபு முதல் ஜன்னல் தம்பி வரை அத்தனை காலும் வெறுங்கால். இந்த அவையில் காலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் ஒருவன்தான். அவனும் தெருவின் மனம் நோகக் கூடாதே என்று உட்கார்ந்திருக்கிறான்.

ஆகையால் அவைத்தலைவர் அவர்களே, இந்தப் பூட்ஸை வாழ்த்திப் பேச வந்த நான், வாழ்த்த மறுக்கிறேன். ஆட்ட விதிப்படி இது தப்பாட்டம். அழகான தப்பாட்டம், அன்பினால் ஆடிய தப்பாட்டம். ஆனாலும் தப்பாட்டம் தப்பாட்டம்தான். என் விசில் சட்டைப்பையில்தான் இருக்கிறது, ஊதிவிடட்டுமா? வேண்டாம். குழந்தைகள் தூங்குகிறார்கள். வாயாலேயே கேட்கிறேன். அவன் தெரு சொல்லட்டும் என்றானே, தெரு இங்கேதான் இருக்கிறது. சொல்லுங்கள். செல்லக்கண்ணு வெறுங்காலோடு ஆடலாமா?

ஏன் பக்கத்து முகத்தைப் பார்க்கிறீர்கள்? ஆட்டத்தில் ஒரு பந்து வெளியே போனால் ஊரே அதிரும்படி கத்துகிறவர்கள் நீங்கள்தானே?

அதோ, தாய்மார் பக்கத்தில் ஒருவர் எழுந்து நிற்கிறார். நீலாம்பாள் அம்மாள். சொல்லுங்கள் அம்மா, சத்தமாகச் சொல்லுங்கள்.

கேட்டீர்களா? கேட்காதவர்களுக்காக நான் சொல்கிறேன். "நாந்தானே மாட்டிவிட்டேன், நானே கழட்டிவிடுறேன்" என்கிறார்கள்.

வழி விடுங்கள். பிள்ளைகளை மிதித்துவிடாமல் மெதுவாக வாருங்கள் அம்மா. சாயபு அவர்கள் எழுந்து தம் நாற்காலியையே கொடுக்கிறார்கள். அம்மா வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். முடிச்சு இறுகியிருக்கிறதா? அவசரமே இல்லை. ஒன்று வந்துவிட்டது. இதோ மற்றதும் வந்துவிட்டது. செல்லக்கண்ணு, எதற்குத் தலை குனிகிறாய்? நிமிர்ந்து உட்கார். பாருங்கள் அன்பர்களே, விரல்களை மடக்கி நீட்டிப் பார்க்கிறான். மழையில் சயா பார்த்த பையன் வந்துவிட்டான்.

இப்போது கை தட்டுகிறீர்களே, இதை நான் எனக்கென்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

"பூட்ஸை என்ன செய்றது?" கமிட்டியின் கவலை. அலமாரியில் இருக்கட்டும். கல்லூரிக்குப் போன பிறகு அவனே வந்து கேட்டால் கொடுங்கள். அதுவரை எவர் காலிலும் மாட்டிவிட வேண்டாம். என் காலையும் பார்க்காதீர்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கும், பாயோடு இடம் தந்த மண்டபத்தாருக்கும், ஒரு முடிச்சை அவிழ்த்து ஒரு தெருவுக்கே வழிகாட்டிய நீலாம்பாள் அம்மாளுக்கும் என் நன்றி. சனிக்கிழமை மேளம் வேண்டாம், எலுமிச்சம்பழம் வேண்டாம். நீங்கள் வந்தால் போதும். நான் விசிலோடு நடுவில் நிற்பேன். அன்றைக்கு நான் யார் பக்கமும் இல்லை. என்னைத் திட்ட வேண்டியவர்கள் சீக்கிரமே வந்து இடம் பிடித்துக்கொள்ளுங்கள். வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.