ஏழாமிடத்துச் சனி

யுரேனஸுக்கும் சனியைப் போல வளையம் உண்டென்று பத்திரிகையில் வந்த வாரம். அவிநாசி பஸ்ஸில் என் பின் சீட்டில் பனியன் கம்பெனிப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“ஏழுல சனின்னு உன் ஜாதகத்தைத் திருப்பிட்டாங்களாமே, கண்ணு?”

“ஆமாங்க்கா. மாப்பிள்ளையோட அப்பா சயின்ஸ் வாத்தியாராமா.”

“சனிக்கு வளையம் வரைஞ்சு காட்டுனவருக்கே சனின்னா பயமா? நீ அழுவாத சாமி.”

“நான் எதுக்குங்க அழுவோணும்? இப்ப யுரேனஸுக்கும் வளையமாமா. ஜாதகத்துல அதுக்குக் கட்டமே இல்லீங்களே, அதை எங்க வெப்பாராமா? இனி அவரே பொண்ணு கேட்டு வந்தாலும் நான் மாட்டேனுங்க்கா.”

அந்த வாத்தியார் நான்தான். அவர்கள் என்னைப் பார்த்ததில்லை. அவிநாசியில் அவர்கள் இறங்கினார்கள். நானும் அங்கேதான் இறங்க வேண்டும். அடுத்த நிறுத்தம் வரை போய், வெயிலில் திரும்பி நடந்தேன்.