ஏழாம் பாத்திக்கு ஒரு கேள்வி

டீ ஆறிவிடப் போகிறது, முதலில் குடியுங்கள் மேடம். நாற்காலியைக் காலையிலேயே துடைத்து வைத்துவிட்டேன். அதில் யாரும் உட்கார்ந்து நாளாகிவிட்டது, தூசி மிச்சமிருந்தால் மன்னியுங்கள். நான் சொல்வதைப் பதிவு செய்வதாக இருந்தால் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். நிதானமாகத்தான் பேசுவேன்.

ரேடியோ எப்படிச் செத்தான் என்றுதானே கேட்க வந்திருக்கிறீர்கள். வீட்டில் வைத்த பெயர் வேறு. ஓயாமல் பேசுவான் என்பதால் ஆபீஸில் எல்லோருக்கும் அவன் ரேடியோ. மக்காச்சோள வயலில், ஏழாம் பாத்திக்குள் குப்புற விழுந்து கிடந்தான் என்று உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் எழுதியிருப்பார்கள். பூச்சிமருந்து உடம்பில் ஏறிவிட்டது என்று டாக்டர் எழுதியிருப்பார். இரண்டும் சரிதான். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை நான்தான் சொல்லவேண்டும். எடுத்த எடுப்பில் சொன்னால் என்னை ராட்சசன் என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மருந்து கம்பெனிகள் தங்கள் புது மருந்துகளைச் சோதித்துச் சொல்ல எங்களை அமர்த்தும். நாங்கள் ஒரு வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து அடிப்போம். எந்தப் பாத்தியில் எது என்று வயலில் இருப்பவனுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் பாரபட்சம் காட்டும். மருந்தடிப்பவர்களுக்கும் பாட்டிலில் எண் மட்டும்தான். ரேடியோ பாத்திக்குள் இறங்கி, இலை எவ்வளவு கருகியிருக்கிறது, புழு எத்தனை என்று பார்த்து, டேப் என்கிற கைக்கணினியில் போடவேண்டும். போட்டதும் அது என் திரைக்கு வந்துவிடும். அந்த மென்பொருளைக் கட்டி மேய்ப்பது என் வேலை. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் மருந்தின் பெயர் தெரிந்தவன் இங்கே நான் ஒருவன்தான்.

முன்பெல்லாம் ரேடியோ மாதிரி வயலில் கணக்கெடுப்பவர்கள், வயல்காரர்கள் என்போம், கணக்குத் தாள்களைத் தூக்கிக்கொண்டு இந்த அறைக்கு வருவார்கள். சேற்றுக்காலோடு உட்கார்ந்து டீ குடிப்பார்கள், முதலாளியைத் திட்டுவார்கள், ஒருவர் காலை ஒருவர் வாருவார்கள். நான் தட்டச்சு செய்துகொண்டே சிரிப்பேன். இந்த மென்பொருள் வேண்டும் என்று நிர்வாகத்திடம் மன்றாடி வாங்கியது நானேதான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது. அதன்பிறகு எண்கள் மட்டும் வந்தன. ஆட்கள் வரவில்லை. பக்கத்து மேசைக்காரர்களும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் போய்விட்டார்கள். வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே நிலைமை. மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போன என் மனைவி, பேரன் பள்ளிக்கூடம் போன பிறகும் திரும்பவில்லை. சண்டையெல்லாம் இல்லை. திரும்பி வர அவளுக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

ஒருநாள் ரேடியோ ஒரு எண்ணைத் தவறாகப் போட்டுவிட்டான். ஏழு என்று போடவேண்டிய இடத்தில் எழுபது. இப்படி வந்தால் நான் மென்பொருளில் ஒரு கேள்வி அனுப்புவேன். வயல்காரர் மறுபடி பாத்திக்குள் போய்ப் பார்த்துப் பதில் தரவேண்டும், அதுதான் விதி. மற்றவர்கள் பதிலைத் தட்டி அனுப்பிவிடுவார்கள். ரேடியோ ஃபோன் செய்தான்.

"அண்ணே, என் விரலு தடிமனுக்கு ரெண்டு எழுத்து சேந்து விழுந்துடுச்சுண்ணே. இருங்க, செடிகிட்டயே நிக்கிறேன், பாத்துச் சொல்றேன்."

பார்த்துச் சொன்னான். அதோடு நிற்கவில்லை. அவன் மகள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அதுதான் சரி என்று சண்டை பிடித்ததைச் சொன்னான். கடைசியில், "சாப்ட்டீங்களாண்ணே?" என்றான். சாதாரணக் கேள்விதான். அன்று சாப்பிட்டிருந்தேன், ஆனாலும் இல்லை என்று சொன்னேன். சொன்னதும் என்னைத் திட்டினான். கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா.

மறுவாரம் எண்கள் எல்லாம் ஒழுங்காக வந்தன. நான் ஒன்றை மாற்றினேன். பெரிதாக ஒன்றுமில்லை, மூன்றை முப்பதாக்கினேன். மாற்றியவர் யார் என்று மென்பொருள் குறித்துவைக்கும். வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கை நான் மூடாமல் வைத்திருந்தேன், அந்தப் பெயரில் மாற்றினேன். பிறகு கேள்வி அனுப்பினேன். ரேடியோ கூப்பிட்டான். தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு, "புத்தி எங்கயோ மேயுதுண்ணே" என்று சிரித்தான். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. ஏழாம் பாத்தி வயலின் நட்டநடுவில் இருந்தது. நடந்து போய்வர நேரமாகும், பேச்சும் நீளும். அதனால் கேள்விகளை அங்கேயே வைத்துக்கொண்டேன்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், நீங்கள் இதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள்.

மருந்தடித்ததும் அந்தப் பாத்தி டேப்பில் சிவப்பாகிவிடும். சிவப்பு மாறும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. பச்சையானால் கையுறை, முகமூடி எதுவும் தேவையில்லை. எந்த மருந்துக்கு எவ்வளவு காலம் சிவப்பு என்று மென்பொருளில் வைப்பது நான். ஏழாம் பாத்திக்கு இருந்ததிலேயே கொடிய மருந்து, இருந்ததிலேயே நீண்ட சிவப்பு. புழு அதிகமாகி அடிக்கடி மருந்தடித்த பருவத்தில் ரேடியோவுக்கு அங்கே வேலையே இல்லை. ஃபோனும் இல்லை. இந்த அறையில் ஏசி ஓடும் சத்தம் மட்டும்தான். நீங்கள் ஒரு வாரம் அதைக் கேட்டுப்பாருங்கள் மேடம், அப்புறம் பேசுங்கள்.

நான் சிவப்பைக் குறைத்தேன். முதலில் கொஞ்சம். பிறகு, மருந்தடித்த மறுநாளே பச்சை.

அவன் சந்தேகப்பட்டான். "வாடை இன்னும் குப்புன்னு அடிக்குதுண்ணே. பச்சைதான் காட்டுது. சரியாத்தான் இருக்குமா?"

"பச்சைன்னா பச்சைதான் தம்பி. நான் பாத்துக்க மாட்டேனா?" என்றேன்.

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. மூக்கு ஒழுகுகிறது என்றான், வெயிலில் அலைந்ததால் இருக்கும் என்று நானே காரணம் சொன்னேன். கண் மங்குகிறது, கை நடுங்குகிறது என்றான், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, தினமும் விசாரித்தேன். உடம்பு முடியாததால் வரப்பில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான், முன்னைவிட அதிக நேரம் பேசினான். தன் அப்பா குடித்தே அழிந்ததை யாரிடமும் சொன்னதில்லையாம், என்னிடம் சொன்னான். அழுதான். அந்த நாட்களில் நாங்கள் மிக நெருக்கமாக இருந்தோம்.

அவன் மனைவி ஒருநாள் கூப்பிட்டாள். "அண்ணே, நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. ராத்திரியெல்லாம் வாந்திண்ணே. ரெண்டு நாள் லீவு போடச் சொல்லுங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றேன். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவன் லீவில் போனால் வீட்டில் மனைவியோடு பேசுவான், குழந்தையோடு பேசுவான். என்னைக் கூப்பிட என்ன இருக்கிறது? மறுநாள் காலையில் ஏழாம் பாத்திக்கு ஒரு கேள்வி அனுப்பினேன். முந்தின நாள்தான் அங்கே மருந்தடித்திருந்தார்கள்.

வந்தான், மேடம். வரமாட்டான் என்று பயந்துகொண்டே இருந்தேன், வந்துவிட்டான். செடிகள் அவன் தலைக்குமேல் வளர்ந்து நின்றன, வெளியிலிருந்து பார்த்தால் ஆள் தெரியாது. மகள் முதல்முறையாக அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம், அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் நாக்கு குழறியது. "அண்ணே, ஒண்ணும் தெரியல... யாரயாச்சும் வரச்சொல்லுங்க" என்றான். அப்புறம் ஃபோன் கீழே விழுந்தது. லைன் அறுந்துபோகவில்லை. அவன் மூச்சு கேட்டது. காற்றில் சோளத்தாள்கள் உரசுவது கேட்டது.

வயல்காரர்களை ஏற்றிவரும் கம்பெனி வண்டி அந்த வயலின் வாசலில்தான் நின்றது, டிரைவர் அதில் இருந்தார். என் மேசையில் இதோ, இன்னொரு ஃபோன் இருக்கிறது, டிரைவரின் எண் அதன்மேலேயே ஒட்டியிருக்கிறது. எடுக்கவில்லை. எடுத்தால் ஆட்கள் வருவார்கள், ஆஸ்பத்திரி, விசாரணை, பிறகு அவனை வயலுக்கே விடமாட்டார்கள். காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். மூச்சு நின்ற பிறகும் கேட்டேன். மதியம் அவன் ஃபோனில் சார்ஜ் தீர்ந்து லைன் போனது. அதன்பிறகு அந்தப் பாத்தியைத் திரும்பச் சிவப்பாக்கினேன். டிரைவர் தேடிப்போய்ப் பார்த்தபோது டேப்பில் சிவப்பு இருந்தது, சிவப்பில் இறங்கியது அவன் தப்பு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். அந்த வீட்டில் என் அளவுக்கு அழுதவர் யாருமில்லை.

ஆக, அவனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்கு என்னைவிட நல்ல நண்பன் கிடையாது.

கிளம்புகிறீர்களா? எவ்வளவு பொறுமையாகக் கேட்டீர்கள். குறுக்கே பேசவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இப்படி ஒருவர் எதிரில் உட்கார்ந்து நான் பேசி எத்தனை காலமாயிற்று. நீங்கள் சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்க மறந்துவிட்டேன். கையெழுத்தா, போடுகிறேன், அதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நேரம் சொன்னதில் ஓரிடத்தில் ஒரு தகவலை வேண்டுமென்றே மாற்றிச் சொல்லியிருக்கிறேன். எது என்று இன்றைக்குச் சொல்லமாட்டேன். சரிபார்க்க நீங்கள் நாளைக்கும் வந்துதான் ஆகவேண்டும்.