விடுபட்ட பத்தொன்பது

உங்கள் ஸ்டேஷன் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். சின்னப் பிழையைக் கண்டாலும் எனக்கு வாய் சும்மா இருக்காது. இருபது வருடம் பார்த்த வேலை அப்படி.

என் தங்கையைப் பற்றித்தானே கேட்டீர்கள். அதற்கு முன் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சில நட்சத்திரங்கள் வெடித்துச் சாகும். வெளிச்சம் மூன்று வாரத்தில் ஏறி, பிறகு மெல்ல இறங்கும். எவ்வளவு மெதுவாக இறங்குகிறதோ, உண்மையில் அவ்வளவு பிரகாசம். அந்த ஏற்ற இறக்கத்தை வரைந்து கணக்குப் போட்டால், அது எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். நடுவில் உள்ள தூசி கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடும். தூசி தின்றதை ஈடுகட்டும் கணக்கு என்னுடையது. பதினொரு வருடம் அதோடு மாரடித்தேன்.

தங்கைக்கு வகுத்தல் சொல்லிக் கொடுத்தது நான். எங்கள் ஆய்வுக் குழுவில் சேர்த்துவிட்டதும் நான்தான். வந்த இரண்டாம் மாதமே என் கணக்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அறுபது வரி நிரலாகப் புதிதாக ஒன்று எழுதினாள். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. குழுத் தலைவர் எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

"என்னப்பா, தங்கச்சி உன்னை அப்படியே முழுங்கி ஏப்பம் விட்டுட்டாளே."

நானும் சிரித்தேன். அவளோ, "அண்ணன் போட்ட ரோட்டுலதான் சார் நான் நடந்தேன்" என்றாள். அந்தப் பெருந்தன்மையை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மென்பொருள் எதையாவது தவறவிடுகிறதா என்று பார்க்க, வானத்துப் படங்களுக்குள் நாங்களே போலி வெடிப்புகளை வரைந்து வைப்போம். எதெது போலி என்ற பட்டியல் ஒருவரிடம் மட்டும் இருக்கும், மற்றவர்கள் பார்க்கக் கூடாது. வேலை முடிந்ததும் அவர் பட்டியலைக் கொடுப்பார். போலிகளை நீக்கிவிட்டு, மிச்சத்தை வைத்துத் தூரத்தைக் கணிப்பார்கள். பட்டியல் என்னிடம் இருந்தது. போலிகள் இருநூறு. அவளிடம் நூற்று எண்பத்தொன்றைக் கொடுத்தேன்.

மிச்சப் பத்தொன்பதும் நல்ல வேலைப்பாடு. அவளுடைய அறுபது வரி எதை நம்பும், எதைச் சந்தேகிக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குத் தோதாக ஒவ்வொன்றையும் கொஞ்சம் மங்கலாக வரைந்திருந்தேன். தூரங்கள் யாரும் எதிர்பாராத அளவுக்கு நீண்டன. நிறைந்த அரங்கில் அதை அவள் அறிவித்தாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஐந்தாம் வாரம், அதே நாட்களில் அதே வானத்தைப் படம் பிடித்திருந்த வேறொரு குழு எழுதிக் கேட்டது. இந்தப் பத்தொன்பது இடத்திலும் எதுவுமே வெடிக்கவில்லையே என்று.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. படங்களில் கைவைக்கும் உரிமை எங்கள் இருவருக்கு மட்டும்தான். பெயர் கிடைத்தது அவளுக்கு, ஆகவே செய்ததும் அவள்தான் என்று முடிவு கட்டினார்கள். என்னைக் கேட்டபோது என் பட்டியல் முழுமையானது என்றேன். கூடவே, சின்னப் பெண், மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அம்மா போனில் அழுதாள்.

"நீ அங்கதானடா இருக்க. அவளப் பாத்துக்க மாட்டியா?"

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மூன்றாம் நாள் அவள் அலுவலக மொட்டைமாடியிலிருந்து விழுந்தாள். விழுந்தாள் என்றுதான் வீட்டில் சொல்லிக்கொள்கிறோம்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பாடம், அவ்வளவுதான். யார் கொடுத்த பட்டியலானாலும் சரிபார்க்க வேண்டும், அண்ணன் கொடுத்ததானாலும். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இதை இப்போதும் நம்புகிறேன்.

அவள் கைபேசி உங்கள் மேசைமேலேயே இருக்கிறது. நீங்களே படித்திருப்பீர்கள். விழுந்த அன்று காலை ஒன்பது நாற்பதுக்கு எனக்கு எழுதியிருக்கிறாள். "அண்ணா, என் வக்கீல் உன் லிஸ்ட்டத் தோண்டச் சொல்றாரு. எனக்கு மனசு வரல. லிஸ்ட் சரிதானே? நீ சொன்னாப் போதும்."

சரிதான் என்று உடனே பதில் போட்டேன். அவளைக் காக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.