அனுப்பியாச்சு

— அப்ப வெள்ளம் வந்த அன்னிக்குச் சேதி போகவே இல்லைங்கறியா, சோபனா?

— போகலைங்கண்ணா. மேல அணையில தொறந்த தண்ணி வருதுன்னு காலைல பத்து மணிக்குத் தகவல் வந்துச்சு. ஒடனே கம்ப்யூட்டர்ல தட்டுனேன். பரிசல்காரங்க நாப்பத்தெட்டு பேரு போனுக்கும் போயிருக்கணும்.

— ஏன் போகலன்னு கேக்கத்தான் ஒகேனக்கல்ல இருந்து பஸ் ஏறி உன் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தேன். நேத்துதான் தம்பி காரியம் முடிஞ்சுது. வூட்ல ஒக்கார முடியல.

— உங்க தம்பி சின்னராஜண்ணன் மொகம் எனக்கும் கண்ணுலயே நிக்குது. ஒக்காருங்க கிருஷ்ணப்பண்ணா.

— எனக்கு வெளங்கறாப்புல சொல்லும்மா. ஆடியில இருந்து ஒழுங்கா வந்த சேதிதானே?

— வந்துச்சுங்க. அப்பல்லாம் அனுப்பற புரோகிராமோட பேரத் தட்டி, பக்கத்துலயே நம்பருங்கள வரிசையா எழுதுவேன். அத ஆர்கியுமென்ட்னு சொல்லுவோம். நாப்பத்தெட்டும் கையால தட்டுனா தப்பு வருதேன்னு, முந்தின நாள் மாத்துனேன். நம்பர் லிஸ்ட்ட எடுத்து, நடுவுல ஒரு நெட்டுக்கோடு போட்டு, புரோகிராமுக்குள்ள ஊத்தி வுட்டேன். அது பைப்.

— ரெண்டும் அதே நம்பருங்கதானே?

— அதேதாங்க. குடுக்கற வழி வேற. துறையில உங்க கையில சீட்டக் குடுத்து, இந்த நாலு பேர ஏத்திக்கங்கன்னு சொல்றது ஒண்ணு. சீட்டே குடுக்காம, உங்க முதுகுக்குப் பின்னால ஆளுங்கள வரிசையா நிக்க வெக்கறது இன்னொண்ணு. திரும்பிப் பாக்கற புரோகிராமும் இருக்குது. இது கையில இருக்கற சீட்ட மட்டுந்தான் பாக்கும். பின்னால நாப்பத்தெட்டு பேரு நின்னாங்க. இது திரும்பவே இல்ல.

— தப்புன்னு காட்டாதா?

— காட்டல. அனுப்பியாச்சுன்னு வந்துச்சு. யாருக்குன்னு நான் பாக்கல.

— அதுக்கு வழியே கெடையாதா?

— இருக்குதுங்க. நடுவுல எக்ஸ்ஆர்க்ஸ்னு ஒரு வார்த்த போட்டிருக்கணும். பின்னால நிக்கறவங்களச் சீட்டுல எழுதிக் கையில குடுத்துரும். இங்கிலீஸ்ல அஞ்சே எழுத்துங்கண்ணா.

— அஞ்சு எழுத்து.

— நாளைக்கு இதப் பத்தி விசாரணை. எழுதி வெச்சுட்டேன். சேதி யாருக்கும் போகல, முழுசா என் தப்புன்னு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.

— யாருக்கும் போகலன்னு எழுதாத.

— ஏங்கண்ணா?

— எனக்கு வந்துச்சு.

— உங்களுக்கா? எப்படிங்க... இருங்க, தொறந்து பாக்கறேன். ஆமாங்க. பேருக்குப் பக்கத்துல நம்பரே இல்லைன்னா உங்க ஒரு நம்பருக்கு மட்டும் அனுப்புன்னு, மொதல்ல சோதிக்கறப்ப புரோகிராமுல எழுதுனது. அன்னிக்கு நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. எடுக்க மறந்திருக்கேன்.

— பாத்ததும் பரிசலக் கரையேத்திக் கவுத்துட்டேன். நான் ஏத்தறதப் பாத்து, துறையில இருந்தவங்களும் ஏத்திட்டாங்க. தம்பி மட்டும் வலையெடுக்கத் தனியா ஆத்துல மேல போயிருந்தான்.

— தண்ணி எப்பங்க வந்துச்சு?

— அரை மணி கழிச்சு.

— அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. அவருக்கு நீங்க ஒரு போன்...

— அரை ஏக்கர் நெலத் தகராறுல மூணு வருசமா எங்களுக்குள்ள பேச்சு இல்லம்மா. அன்னிக்கு அவன் நம்பர எடுத்தேன். அவனுக்கும்தான் சேதி வந்திருக்கும், நாம எதுக்குப் பேசணும்னு, போனச் சட்டப்பையில போட்டுக்கிட்டேன்.