கதவு வைக்காத நாகமுத்தர் அறை

வெள்ளைக்காரன் ஆண்ட காலம், யப்பான்காரனோட சண்டை நடந்த காலம். திருகோணமலைக்கு வடக்கால சங்குக்குடா எண்டொரு ஊர். அங்க நாகமுத்தர் எண்டொரு மனிசன் இருந்தாராம். பனையில கள்ளுச் சீவுறது தொழில்.

ஒருநாள் பட்டாளம் வந்துது. கடற்கரை மேட்டில சீமெந்து மேடை கட்டி, பிளேனைச் சுடுற பீரங்கி நாலு வைச்சாங்க. பக்கத்தில, குண்டு விழுந்தா பட்டாளம் ஒதுங்க ஒரு அறை. சுற்றிவர முள்ளுக்கம்பி. "ஊராக்கள் உள்ளுக்கு வரப்படாது" எண்டு பட்டாளத்துக்குப் பெரிய வெள்ளைக்காரத் துரை சொல்லிப்போட்டார். நாகமுத்தரின்ர பனை கம்பிக்கு உள்ளுக்கு. கெஞ்சி மன்றாடி, காலமை ஒருக்கா ஏறி இறங்க மட்டும் உத்தரவு வாங்கினாராம்.

சித்திரை மாசம் ஒரு காலமை. நாகமுத்தர் பனை உச்சியில நிக்கிறார். பீரங்கி நாலும் கடலைப் பார்த்தபடி. இவர் தற்செயலாக் காட்டுப்பக்கம் திரும்பினார். கறுப்புக் கறுப்பாப் புள்ளி. கொக்கோ எண்டு பார்த்தார். சிறகு அடிக்கேல்ல.

"துரை! பின்னால வாறான்! பின்னால!"

ஆருக்கு விளங்கும்? கீழ சிரிச்சாங்களாம். கத்தினார், கத்தினார், தொண்டை கட்டிப்போச்சு. நிறைஞ்ச கள்ளு முட்டியைத் தூக்கினார், துரையின்ர காலடியில எறிஞ்சார். டமார்! கள்ளு துரையின்ர முகமெல்லாம் தெறிச்சுது. துரை துவக்கை நீட்டினார். எண்டாலும் நாகமுத்தர் இறங்கேல்ல. பாளைக்கத்தியைக் காட்டுப்பக்கம் நீட்டினபடி நிண்டார். துரையும் அந்தப் பக்கம் பார்த்தார்.

பீரங்கி திரும்பிச்சுது. வானம் வெடிச்சுது. வந்தவங்கள் குறி தப்பிக் குண்டைக் கடலுக்குள்ள கொட்டிப்போட்டு ஓடினாங்களாம்.

பின்னேரம் துரை நாகமுத்தர் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழட்டினார். "உனக்கு என்ன வேணுமெண்டு துரை கேக்கிறார்" எண்டார் கூட வந்த கிளாக்கர்.

"ஒரு துண்டுக் காணி கேளுங்கோவன்" எண்டு நாகமுத்தரின்ர மனிசி வள்ளியம்மை குசுகுசுத்தா.

நாகமுத்தர் சொன்னாராம்: "எங்களுக்கு ஓலைக்கூரைதான் ஐயா. குண்டு விழேக்க அந்த அறையைப் பிள்ளைகுட்டியளுக்கும் திறந்து விடச் சொல்லுங்கோ."

அடுத்தநாள் துரை அறைக் கதவையே கழட்டுவிச்சுப்போட்டார்.

திரும்பவும் பிளேன் வந்துது. ஊர் எரிஞ்சுது. சனம் முழுக்க அந்த அறைக்குள்ள. பட்டாளக்காரன் மடியில ஊர்ப் பிள்ளையள். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லையாம்.

சண்டை முடிஞ்சு பட்டாளமும் போச்சு, பீரங்கியும் போச்சு. மேடையும் அறையும் நிக்குது. கனகாலம் கழிச்சு, பழைய சின்னமெண்டு பாதுகாக்க வந்த அரசாங்க ஆக்கள் பலகை நட்டாங்க, இரும்புக் கதவும் கொண்டு வந்தாங்க. ஊர்ப் பொம்பிளையள் வாசலில குந்திட்டினம். "பலகை நடுங்கோ, சுண்ணாம்பு அடியுங்கோ, உங்களுக்குப் புண்ணியம். கதவு மட்டும் வேண்டாம்."

அதாலதான் இண்டைக்கும் சித்திரையில முதல் முட்டிக் கள்ளை அந்த வாசலில ஊத்துறது. அதாலதான் அதுக்கு நாகமுத்தர் அறை எண்டு பேர். புயலெண்டாலும் வெள்ளமெண்டாலும், எந்த ஊர்ச் சனம் ஓடி வந்தாலும், ஆரையும் கேக்காம உள்ளுக்குப் போகலாம்.